ஒத்தை வயல் பொறி போதாது

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கத்தரிக்காய் வாங்குபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்ப்பார்கள். ஓட்டை இருந்தால் கூடையிலேயே போட்டுவிடுவார்கள். அந்த ஓட்டைக்குப் பயந்துதான் விவசாயி மருந்தடிக்கிறார். புழு காய்க்குள் போன பிறகு தெளிக்கும் மருந்து அதை எட்டுவதில்லை.

இந்தக் காய்த்துளைப்பானைக் காட்டித்தான் பி.டி. கத்தரியைக் கொண்டுவந்தார்கள். நாம் வேண்டாம் என்றோம். 2010 பிப்ரவரியில் மத்திய அரசும் நிறுத்தி வைத்தது. மாற்று வழியைச் செய்து காட்டுவது நம் பொறுப்பு.

இனக்கவர்ச்சிப் பொறி அதில் ஒன்று. ஏக்கருக்கு 5 வைக்கலாம். பொறிக்குள் இருக்கும் லூரில் பெண் அந்துப்பூச்சியின் வாசனை இருக்கும். தேடி வரும் ஆண் மாட்டிக்கொள்ளும். காயில் ஒரு சொட்டு விஷம் படாது.

"பொறியில பூச்சி விழுது சார், ஆனா ஓட்டை குறையலையே" என்கிறார்கள். மதுராந்தகம் பக்கம் என் வயலிலும் முதல் வருஷம் அதே கதைதான். பக்கத்து வயலில் இணை சேர்ந்த பெண் பூச்சி, நம் வயலுக்கு வந்து முட்டையிடும். அதைப் பொறி பிடிக்காது.

வங்கியில் இருந்தபோது மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுத்தோம். ஒருத்தர் தவணை தவறினா குழுவே தடுமாறும். பொறியும் அப்படித்தான்.

கத்தரி போட்டவர்கள் பேசிவைத்து, ஒரே வாரத்தில் பொறி கட்டுங்கள். லூரைக் கெடுவுக்குள் மாற்றுங்கள். வாடிய நுனித்தண்டைக் கிள்ளி அழியுங்கள். தனியா வச்சா பூச்சியை எண்ணலாம். ஊரே வச்சாத்தான் காய் தப்பும்.