எரியிற லைற் எரியட்டும்

காரின் டாஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்புப் படம் இருக்கும். ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு முன்னால் ஒரு பெரிய பந்து. அதுதான் எயார்பேக் லைற். சில கார்களில் படத்துக்குப் பதிலாக எஸ்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்து இருக்கும். இது எரியத் தொடங்கினால் எங்களில் பெரும்பாலான ஆக்கள் கராஜுக்குப் போய்ச் சொல்லுகிற வசனம் ஒன்றுதான்: “அண்ணை, இந்த லைற்றை ஒருக்கா நிப்பாட்டித் தாங்கோ.”

பிரச்சினை இந்த வசனத்தில்தான் தொடங்குது. ஏன் எரியுது எண்டு பார்க்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. நிப்பாட்டச் சொல்லித்தான் கேட்டோம். கேட்டதைத்தான் அவரும் செய்து தருவார்.

என்னுடைய கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். காசிருந்தால் திருத்துவோம். காசில்லையா, லைற் எரியட்டும். அதை அணைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

இதைச் சொல்ல, அந்த லைற் என்ன செய்கிறது என்று கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். கீயைத் திருப்பினதும் அது தானாக எரியும். சில செக்கன்களில் அணையும். பல ஜப்பான் கார்களில் இது ஏறத்தாழ 6 செக்கன். அந்த இடைவெளியில் எயார்பேக்குக்கென்றே இருக்கிற சின்னக் கணினி தன்னுடைய இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். ஒவ்வொரு எயார்பேக்குக்கும், விபத்தின்போது பெல்ற்றை வெடிமருந்தால் இழுத்து இறுக்குகிற பகுதிக்கும், மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றை அனுப்பித் தடையை அளக்கும். வயர் எங்காவது விட்டிருந்தால் தடை கூடும். ஒன்றோடொன்று முட்டியிருந்தால் குறையும். கணக்குப் பிழைத்தால் ஒரு கோட் எண்ணைப் பதிந்துவிட்டு லைற்றை அணையாமல் வைத்திருக்கும். அதன் பொருள், இப்போது ஒரு விபத்து நடந்தால் எயார்பேக் விரியும் என்று நம்பியிருக்க முடியாது என்பதுதான்.

ஆகவே மூன்று நிலைகள். எரிந்து அணைந்தால் கணினிக்குத் தெரிந்தவரையில் எல்லாம் சரி. எரிந்துகொண்டே இருந்தால் பிழை ஒன்று இருக்கு. கீயைத் திருப்பியும் எரியவே இல்லையென்றால்? மூன்றிலும் மோசமானது அதுதான். யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம், கறுப்பு ரேப் ஒட்டியிருக்கலாம், வயரை வெட்டியிருக்கலாம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள், பெயின்ரைத் தடவிப் பார்ப்பார்கள். இந்த 6 செக்கனைப் பார்க்கிற ஆக்கள் குறைவு.

சீற் பெல்ற் லைற் வேறு. பெல்ற் போட்ட ஆள் ஒருவரின் படம் அதில் இருக்கும். பெல்ற்றைக் கொளுவுகிற பக்கிளுக்குள் ஒரு சின்ன சுவிட்ச், இடப்பக்க சீற்றுக்குள் பாரத்தை உணருகிற சென்சர், இரண்டும் சேர்ந்துதான் அந்த லைற்றை நடத்துகின்றன. சந்தையால் வாங்கிவந்த மரக்கறிப் பையை இடப்பக்க சீற்றில் வைத்தால் கார் கத்தும். அது பிழையல்ல, பையை ஆள் என்று நினைக்குது. ஆள் இருந்து, பெல்ற்றும் போட்ட பிறகு கத்தினால் முதலில் பக்கிளைப் பாருங்கள். உள்ளே மிக்சர் துண்டோ, சில்லறைக் காசோ, ஊற்றுப்பட்ட தேத்தண்ணியின் சீனிப் பிசினோ இருக்கும். ஆள் இருந்து, பெல்ற் போடாமல் விட்டும் கத்தவில்லையென்றால் சீற் சென்சரிலோ அதன் வயரிலோ குறை இருக்கலாம். பல கார்களில் பக்கிள் சுவிட்சின் செய்தி எயார்பேக் கணினிக்கும் போகும். அதனால் ஒரு பக்கிள் பழுதுக்கு எயார்பேக் லைற்றும் சேர்ந்து எரியக்கூடும்.

எயார்பேக் பிழைகளில் கணிசமானவை பெரிய பிழைகள் அல்ல. முன் சீற்றுக்குக் கீழே மஞ்சள் நிறக் கனெக்டர் ஒன்று இருக்கும். எயார்பேக் சம்பந்தப்பட்ட வயர்களும் கனெக்டர்களும் பொதுவாக மஞ்சளில்தான் வரும், தெரியாமல் யாரும் கைவைக்கக் கூடாது என்பதற்காக. சீற்றை முன்னும் பின்னும் தள்ளும்போதும், உள்ளே வக்கியூம் பிடித்துக் கழுவும்போதும் அது தளரும். ஸ்ரியரிங்குக்குள் சுருள் நாடா போன்ற ஒரு கேபிள் இருக்கு. சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் வயர் அறாமல் இருக்க அதுதான் உதவுது. எயார்பேக் லைற்றோடு ஹோர்னும் வேலை செய்யவில்லை, ஸ்ரியரிங்கில் இருக்கிற பட்டன்களும் வேலை செய்யவில்லை என்றால் முதல் சந்தேகம் அந்தக் கேபிளில். ஏசித் தண்ணி போகிற குழாய் அடைபட்டால் தண்ணி கார்ப்பெற்றுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கனெக்டர்களில் துரு பிடிக்கும். எங்கட வெக்கைக்கு ஏசி ஓயாமல் ஓடுகிற நாட்டில் இது அபூர்வமான ஒன்றல்ல. சில கார்களில் பற்றரி பலவீனமானாலே இந்த லைற் வந்துவிடும்.

இதை எல்லாம் ஊகித்துத் திரியத் தேவையில்லை. கணினியே எந்தப் பக்கத்தில் பிழை என்று கோட் எண்ணில் எழுதி வைத்திருக்கு. ஆனால் ஒன்லைனில் வாங்குகிற மலிவான ஸ்கேனர்களில் பெரும்பாலானவை எஞ்சின் கோட்டை மட்டும்தான் வாசிக்கும். எயார்பேக் கணினியோடு கதைக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். கோட்டை வாசித்தபிறகும் வேலை முடியாது. “ட்ரைவர் பக்கத் தடை கூட” என்று கோட் வந்தால், எயார்பேக் பழுது என்று அர்த்தமில்லை. எயார்பேக், கேபிள், கனெக்டர், வயர் என்ற வரிசையில் எங்கேயோ ஒரு இடம் விட்டிருக்கு என்பதுதான் அர்த்தம். அதைத் தேட வேண்டும். தேடுகிறவர் பற்றரியின் மறை முனையைக் கழற்றி, அந்தக் காரின் கைநூல் சொல்லுகிற நேரம் காத்திருந்து, பிறகுதான் மஞ்சள் வயரைத் தொட வேண்டும். சாதாரண மீற்றரையோ ரெஸ்ற் பல்பையோ எயார்பேக்கில் நேரே வைக்கவே கூடாது. அந்த மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கலாம். ஆகவே இது வீட்டில் யூடியூப் பார்த்துச் செய்கிற வேலையல்ல.

இங்கேதான் எங்கட பழக்கம் ஒன்றைப் பற்றிக் கதைக்க வேண்டியிருக்கு. நாங்கள் சாமானுக்குக் காசு கொடுப்போம். தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குக் கொடுக்க மாட்டோம். ஒரு மெக்கானிக் அரை நாள் சீற்றுக்குக் கீழே படுத்துக் கிடந்து, தளர்ந்த ஒரு கனெக்டரைக் கண்டுபிடித்துச் சுத்தப்படுத்திக் கொளுவிவிட்டுக் காசு கேட்டால், “ஒண்டும் மாத்தேல்லையே, பிறகென்னத்துக்கு இவ்வளவு?” என்று கேட்கிறோம். அதே ஆள் ஒரு பெரிய பெட்டியைக் காட்டி, இதை மாற்றினேன் என்று சொன்னால் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம். இப்படிப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு நடுவில் இருக்கிற மெக்கானிக் என்ன செய்வார்? ஒன்றில் தேவையில்லாத சாமானை மாற்றுவார், இல்லையென்றால் லைற்றை ஏமாற்றுவார். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை.

லைற்றை ஏமாற்றுவது கஷ்டமும் இல்லை. கணினி பார்ப்பது தடையின் அளவைத்தான். எயார்பேக்கின் இடத்தில் அதே அளவு தடையுள்ள ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பொருத்தினால், எயார்பேக் இருக்குது என்று கணினி நம்பிவிடும். ஒருமுறை விரிந்த எயார்பேக்கைத் திரும்பப் பாவிக்க முடியாது. புதிதாகப் போட வேண்டும், பெல்ற் இறுக்கியும் கணினியும் சேர்ந்து மாற வேண்டிவரலாம், செலவு பெரிது. ஆகவே விபத்துப்பட்ட காரைத் திருத்தி விற்கிற சிலர் ரெசிஸ்டரைப் பொருத்தி, மேல் மூடியை ஒட்டிவிட்டு, கையைக் கழுவிவிடுவார்கள். இது பல நாடுகளில் பிடிபட்ட மோசடி. லைற் 6 செக்கன் எரிந்து ஒழுங்காக அணையும். உள்ளே வெறும் பொந்து.

பெல்ற் விஷயத்தில் ஏமாற்று இன்னும் வெளிப்படையாக நடக்குது. பக்கிளுக்குள் கொளுவிச் சத்தத்தை நிறுத்துகிற வெறும் நாக்கு ஒன்றைக் கடைகளில் அலங்காரச் சாமான்போல விற்கிறார்கள். சிலர் பெல்ற்றை முதுகுக்குப் பின்னால் கொளுவிவிட்டு முன்னால் இருப்பார்கள். கார் இவரைப் பெல்ற் போட்ட ஆள் என்று நம்பும். ஆனால் எயார்பேக் என்பது பெல்ற் போட்ட ஆளுக்கான துணை. அந்த மூன்று எழுத்தில் முதல் எழுத்தின் பொருளே துணை என்பதுதான். கண் மூடித் திறப்பதற்கு முன்னமே அது விரிந்து முடிந்துவிடும். பெல்ற் இல்லாமல் முன்னுக்கு எறிபட்டு வருகிற முகம் விரிந்துகொண்டிருக்கிற பையைச் சந்தித்தால், காப்பாற்ற வந்ததே கழுத்தை முறிக்கலாம். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு முன் சீற்றில் போகிற அம்மாக்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். பைக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருக்கப்போவது அந்தப் பிள்ளை.

இடப்பக்க டாஷ்போர்டில் எயார்பேக் மூடிக்கு மேலே ஒட்டியிருக்கிற பிள்ளையாரும் மாதாவும் புத்தரும் இதே கணக்கில்தான். மூடி திறக்கிற வேகத்தில் சிலை எங்கே பறக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாமியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் அவர் கோவிக்க மாட்டார். சீற்றின் பக்கத்துக்குள் எயார்பேக் இருக்கிற கார்களில் இறுக்கமான சீற் கவரும் அதை மறிக்கும்.

அரசு என்ன செய்யுது? முன் சீற் பெல்ற் 2011 இல் கட்டாயமானது. 2018 இலிருந்து முன் சீற் இரண்டுக்கும் எயார்பேக் இல்லாத வாகனங்களை இறக்குமதி செய்ய முடியாது என்று முடிவானது. நல்லது. ஆனால் துறைமுகத்தில் இருந்த எயார்பேக் பத்து வருடம் கழித்தும் இருக்குதா என்று கேட்க ஆளில்லை. தனியார் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் வேண்டும். புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும். அதே இடத்தில், அதே வரிசையில், கீயைத் திருப்பி 6 செக்கன் டாஷ்போர்டைப் பார்த்து ஒரு கட்டத்தில் சரி போட என்ன செலவாகும்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களே கை மாறின, வயது போயின. இப்போது வீதியில் ஓடுகிறவற்றில் பல அந்தக் கார்கள்தான்.

லைற் சொல்லாத விஷயமும் ஒன்று இருக்கு. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த எயார்பேக் ஊதிகள் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திருப்பி அழைக்கப்பட்டன. அதற்குள் இருந்த அமோனியம் நைத்திரேற்று பல வருட வெக்கையிலும் ஈரப்பதனிலும் பழுதடைந்து, விரியும்போது உலோக உறையையே துண்டு துண்டாக எறிந்தது. பெருந்தொகையானோர் காயப்பட்டார்கள், பலர் செத்துப்போனார்கள். 2017 இல் நிறுவனம் வங்குரோத்தானது. வெக்கையும் ஈரமும் என்றால் எங்கட காலநிலைதான். ஊதிக்குள் இருக்கிற மருந்தின் நிலையை அந்தக் கணினி அளக்காது. ஆகவே ஜப்பானால் வந்த பழைய கார் வைத்திருப்பவர்கள் செசி இலக்கத்தைத் தயாரிப்பாளரின் தளத்தில் ஒருக்காப் போட்டுப் பார்ப்பது நல்லது.

“லைற்றை விட்டால் கார் விலைபோகாது” என்று சொல்வார்கள். உண்மைதான். அதனால்தான் இது சொந்தக் காசுக் கணக்காக மட்டும் நிற்கவில்லை. நான் அணைத்து விற்கிற லைற், வாங்குகிறவரிடமிருந்து ஒளித்த ஒரு செய்தி. அந்தக் காரில் நாளைக்கு இடப்பக்கம் இருக்கப்போகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஹயருக்குப் போகிற காரென்றால் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். லைற் எரிந்தால் குறைந்தது அவர்களுக்கு ஒரு கேள்வி கேட்க இடமிருக்கு. பெல்ற்றை இன்னும் கவனமாகப் போடுவார்கள். திடீரென்று இழுபட்டால் பூட்டிக்கொள்கிற பெல்ற்றின் அடிப்படை வேலை பொறிமுறையால் நடப்பது. எயார்பேக் லைற் எரிந்தாலும் அது வேலை செய்யும்.

அடுத்தமுறை கராஜுக்குப் போகும்போது வசனத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். “அண்ணை, என்ன கோட் எண்டு வாசிச்சு எழுதித் தாங்கோ. தேடுற நேரத்துக்கும் காசு தாறன். எங்க பிழை இருந்தது எண்டு காட்டுங்கோ.” இவ்வளவுதான். பிழை எயார்பேக்கிலேயே என்றால், புதியது வாங்க இப்போதைக்கு வசதியில்லை என்றால், கோட் எழுதிய துண்டைக் காருக்குள் வைத்துவிட்டு, லைற் எரியிற காரையே ஓட்டிக்கொண்டு வாங்கோ. ஏறுகிறவர் “இது என்ன லைற்?” என்று கேட்டால் உண்மையைச் சொல்லலாம்.