இரண்டாம் வைத்தியரும் இடுப்பு மூட்டும்

ஒரு வைத்தியர் சொன்ன பின் மற்றொருவரை நாடுவது முன்னவரை அவமதிப்பதாகும் என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. பரிமேலழகர் உரையைக் கற்றவன் மணக்குடவர் உரையையும் புரட்டினால் அதனை இகழ்ச்சி என்பாருண்டோ? திருக்குறளுக்குத் தகும் இந்நெறி இடுப்பு மூட்டுக்கு ஏன் தகாது?

விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோர்க்கு இவ்வாராய்ச்சி பொருந்தாது. அவர்க்குத் தாமதமே பகை. நான் கூறுவது, மூட்டுத் தேய்ந்து, செயற்கை மூட்டுப் பொருத்துமாறு அறிவுறுத்தப்பட்டோரைப் பற்றியே. அவருட் பெரும்பாலார்க்குச் சில வாரம் பொறுத்து ஆராய அவகாசமுண்டு. எக்ஸ்ரே படத்துடன் சென்று, முதல்வரின் முடிவைச் சொல்லுமுன்னரே இரண்டாமவர் கருத்தைக் கேட்டல் நன்று. படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறாது, நோவின் அளவையும் நடையின் தளர்வையும் வினாவுபவராக அவர் இருத்தல் வேண்டும்.

சத்திரசிகிச்சை நிபுணரைத் தெரிவோர் அவர்தம் பட்டங்களை எண்ணுகின்றனர். யான் கேட்பது வேறு: ஆண்டொன்றுக்கு இச்சிகிச்சை எத்தனை செய்கின்றீர்? அவற்றுள் மூட்டு நழுவியவை, கிருமி புகுந்தவை, மீண்டும் அறுக்க நேர்ந்தவை எத்தனை? இக்கேள்விக்குச் சினப்பவரிடம் என் இடுப்பை ஒப்படையேன். இக்காலச் செயற்கை இடுப்பு மூட்டுக்கு வழிகோலிய ஆங்கிலேயரான சேர் ஜோன் சார்ண்லி, தாம் முன்னர்ப் பொருத்திய டெஃப்லோன் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தமையைக் கண்டு, 1962 இல் தேய்வு குறைந்த பொலிதீன் வகைக்கு மாறினார். தம் நோயாளரைத் தொடர்ந்து கண்காணித்துக் கணக்கு வைத்தமையாலன்றோ அம்மாற்றம் வந்தது! நம் நாட்டு நிபுணரிடமும் அத்தகைய கணக்கு இருத்தல் கூடும். காணச் செல்வோர்தாம் கேளாது திரும்புகின்றனர்.