பக்கங்களுக்கு இடையே தொலையும் கம்பி

விளக்கு, விசை, மின்கலம் ஆகிய மூன்றை மட்டுமே கொண்ட மின்சுற்றை ஒரே தாளில் வரைந்துவிடலாம். கணினியின் தாய்ப்பலகைக்குரிய வரைபடமோ பல பத்துப் பக்கங்களுக்கு நீளும். மின்வழங்கல் ஒரு பக்கத்தில் இருக்கும். நினைவகம் வேறொரு பக்கத்தில் இருக்கும். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் முடியும் கம்பி, பன்னிரண்டாம் பக்கத்தில் தொடரக்கூடும். பழக்கமில்லாதவர் அதைப் பார்த்தால், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் திகைப்பார்.

தாளில் வரைந்த காலத்தில், பக்கத்தின் விளிம்புகளில் எண்களும் எழுத்துகளும் குறிக்கப்பட்டன. கம்பி முடியும் இடத்தில், அது தொடரும் பக்கமும் கட்டமும் எழுதப்பட்டன. படிப்பவர் தாளைப் புரட்டி அவ்விடத்தைத் தேடிச் செல்வார்.

இன்று அப்பணியை மென்பொருள் எளிதாக்கியுள்ளது. சான்றாக, ‘கீகேட்’ என்னும் மென்பொருளைக் கூறலாம். 1992ஆம் ஆண்டு பிரான்சைச் சேர்ந்த ஷான் பியேர் ஷாராஸ் தொடங்கிய இதனை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இதில் ஒவ்வொரு துணைப் பக்கமும் மேல்நிலைப் பக்கத்தில் ஒரு பெட்டியாகத் தோன்றும். பெட்டியை இருமுறை சொடுக்கினால் அப்பக்கம் திறக்கும். எல்லாப் பக்கங்களையும் கிளை கிளையாகக் காட்டும் பட்டியலும் உண்டு. ஒரு கம்பியைத் தேர்ந்தெடுத்து, அதனோடு இணைந்தவற்றை ஒளிரச் செய்யவும் முடியும்.

தேடும் வசதி இருக்கும்போது ஒழுங்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். இக்கருத்து ஏற்புடையதன்று. எதைத் தேட வேண்டும் என்று அறிந்தவருக்கே தேடல் உதவும். வரைபடத்தைப் புதிதாகக் காண்பவருக்குக் கம்பியின் பெயரே தெரியாது. மேலும், அச்சிட்ட தாளைச் சொடுக்க இயலாது.

பெயர்களிலும் ஆபத்து உண்டு. வெவ்வேறு பக்கங்களில் உள்ள கம்பிகளைப் பெரும்பாலும் பெயரே இணைக்கிறது. ஒரு பக்கத்தில் ‘ரீசெட்1’ என்றும் மறுபக்கத்தில் ‘ரீசெட்_1’ என்றும் எழுதினால், மென்பொருள் அவற்றை இரு வேறு கம்பிகளாகவே கருதும். தனித்து நிற்கும் பெயரை விதிச் சோதனை சுட்டிக்காட்டக்கூடும். ஆனால், தொடர்பற்ற இரு கம்பிகளுக்குத் தவறுதலாக ஒரே பெயரை இட்டால், அவை ஒன்றாகிவிடும். வரைந்தவரின் எண்ணத்தை மென்பொருள் அறியாது. பலகை செய்யப்பட்ட பின் இப்பிழை தெரியவந்தால், பணமும் உழைப்பும் வீணாகும்.

ஆகவே, வரைபவர் சில பழக்கங்களைக் கைக்கொள்வது நன்று. முதல் பக்கம் முழுச் சுற்றையும் சுருக்கமாகக் காட்ட வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு பணிக்குரிய பகுதி மட்டும் இடம்பெற வேண்டும். கம்பியின் பெயர் அதன் பயனை உணர்த்த வேண்டும். தொடரும் பக்க எண்ணையும் அருகில் குறிக்க வேண்டும்.

ஒருவர் ஒருமுறை வரையும் படத்தைப் பலர் பலமுறை படிப்பர். பள்ளியின் ரோபோ கழகத்தில் மூத்த மாணவர் விட்டுச்செல்லும் வரைபடத்தை, அடுத்த ஆண்டு இளைய மாணவர் திறந்து பார்ப்பார். அப்போது விளக்கம் கேட்க, வரைந்தவர் அருகில் இருக்கமாட்டார். அவருக்காக வரைபடமே பேச வேண்டும்.