இருமல் வரும்வரை காத்திருப்பது தவக்குல் ஆகாது



கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரை நோக்கி மின்தொடர் வண்டியில் சென்றால், தாம்பரத்தை அடுத்து வரும் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. நாள்பட்ட இருமல் என்றாலே காசநோய் என்று நம் பகுதியினர் எண்ணுவதற்கு அவ்வரலாறும் ஒரு காரணமாகலாம். காசநோய்க்குச் சோதிப்பது அவசியமே. ஆயினும் பல்லாண்டுகள் புகைத்தவருக்கு அதே இருமல் நுரையீரல் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். தொடக்க நிலையில் அந்நோய் பெரும்பாலும் இருமலைக்கூடத் தருவதில்லை. சளியில் இரத்தமும் மூச்சுத்திணறலும் தோன்றும்போது பலருக்கு அறுவைச் சிகிச்சைக்கான காலம் கடந்துவிட்டிருக்கும்.

அமெரிக்காவில் 53,454 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2011இல் வெளியாயிற்று. அனைவரும் 55 முதல் 74 வயதுக்குட்பட்ட, கடுமையாகப் புகைத்தவர்கள். ஒரு பிரிவினருக்கு மார்பு எக்ஸ்ரேயும், மற்றப் பிரிவினருக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனும் ஆண்டுக்கொருமுறை மூன்று முறை எடுக்கப்பட்டன. சி.டி. எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 விழுக்காடு குறைந்தன. "எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை" என்று நிம்மதி கொள்ளும் நம் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாளொன்றுக்கு 20 சிகரெட் வீதம் 20 ஆண்டுகள், அல்லது அதற்கு நிகராகப் புகைத்த, 50 முதல் 80 வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுதோறும் இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது அந்நாட்டில் 2021இல் வகுக்கப்பட்ட பரிந்துரை. புகையை விட்டு 15 ஆண்டுகள் நிறையாதவர்களும் அதில் அடங்குவர். இக்கணக்கு சிகரெட்டுக்கானது. பீடியில் புகையிலை குறைவு என்று எவரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். பீடியும் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும்.

நம் நாட்டின் அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே பொதுவான முன்சோதனை உண்டு. நுரையீரலுக்கு இல்லை. ஆகவே புகைத்தவர் தாமே மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

இதில் தயக்கத்துக்கும் நியாயமுண்டு. அந்த ஆய்வில் சந்தேகத்துக்குரியவை எனக் கண்ட முடிவுகளில் 96 விழுக்காடு புற்றுநோயே அல்ல. காசநோய்த் தழும்புகள் மலிந்த நம் நாட்டில் இக்குழப்பம் கூடுமேயன்றிக் குறையாது. வீண் அச்சமும் தேவையற்ற ஊசிச் சோதனையும் நேரலாம். எனவேதான் எல்லாரையும் ஸ்கேனுக்கு அழைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. நெஞ்சக மருத்துவரின் ஆலோசனையுடன், தகுதியுடையோர் மட்டும் செய்துகொள்ளட்டும்.

புகை மக்ரூஹா, ஹராமா என்று இஷாவுக்குப் பின் நெடுநேரம் விவாதிக்கிறோம். புகைத்தவரின் நெஞ்சு எந்நிலையில் உள்ளதென்று கேட்பதில்லை. தவ்பா செய்து புகையை விட்டவர்களோ, பழைய பழக்கத்தை மருத்துவரிடம் சொல்லவும் வெட்கப்படுகிறார்கள். மன்னிப்பு அல்லாஹ்விடம் உள்ளது. ஆனால் புகையை விட்ட பின்னும் இந்நோயின் அபாயம் மெல்லவே குறைகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிகளாரின் (ஸல்) உம்மத்தினர், விதியைச் சொல்லிச் சோதனையைத் தள்ளிப்போடுவது எங்ஙனம் பொருந்தும்?

ரமளானில் பகல் முழுதும் புகையின்றி இருப்பவரால் இஃப்தாருக்குப் பின்னும் இருக்க இயலும். ஸ்கேன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் விடுவதே முதற்கடமை.

ஜமாஅத்தார் மருத்துவ முகாம் நடத்துகையில் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்ப்பதோடு ஐம்பதைக் கடந்தவர்களிடம் இரண்டு கேள்விகளையும் கேட்கட்டும்: எத்தனை ஆண்டுகள் புகைத்தீர்கள், நாளொன்றுக்கு எத்தனை? விடையை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால், நெஞ்சக மருத்துவரிடம் அவர் வாய் திறந்து சொல்லக் கூச வேண்டியிராது.