தண்டுவடம் அடிபட்டவருக்கு செல்போன் என்ன செய்யும்?



ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அதே செப்டம்பர் 5 உலக தண்டுவடக் காய தினமும்கூட. உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. அதைப் பற்றி இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

"தண்டுவடம்: படம் வரைந்து பாகங்களைக் குறி" என்று உங்களை எத்தனை தடவை எழுத வைத்திருப்பேன்! அந்த நரம்புக் கற்றை அடிபட்டால் நடக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். தொடு உணர்வும், சிறுநீர், மலத்தை அடக்கும் சக்தியும் சேர்ந்தே போய்விடும் என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். உலகத்தில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் இப்படி வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பக்கம் தென்னை மரம், கட்டடச் சாரம், பைக் என்று காரணங்கள் வேறு வேறு.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் எழுதியது ஒரே வரி: "மூன்று மாதம் கழித்து வரவும்." ஆறாவது வாரமே வால் எலும்புக்குப் பக்கத்தில் புண். வலி தெரியாததால் அவனுக்கே தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் அவன் அம்மா பார்த்தார். அந்தப் புண் ஆற ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் குப்புறவும் ஒருக்களித்தும்தான் கிடந்தான். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்வர வேன் வாடகையே நாலாயிரம்.

இப்போது நர்ஸாக இருக்கும் இன்னொரு மாணவி ஒரு ஏற்பாடு சொன்னாள். சனிக்கிழமை இரவு அம்மா அந்த இடத்தை போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும். அவள் பார்த்து, சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டுவாள். அடுத்த வருஷம் இன்னொரு பக்கம் தோல் கறுத்தபோது அன்றைக்கே தெரிந்துவிட்டது. பத்து நாள் உட்காராமல் இருந்தான், சரியாகிவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். தண்டுவடம் அடிபட்டவரைப் படுக்கவைப்பது பெரும்பாலும் புண், சிறுநீர்த் தொற்று போன்ற சின்ன விஷயங்கள். ஆரம்பத்தில் பார்த்தால் செலவே இல்லை, விட்டால் உயிரையே கேட்கும். அதனால் "மூன்று மாதம் கழித்து வா" என்பது இவர்களுக்குப் பொருந்தாது. வாரம் ஒரு வீடியோ கால் பொருந்தும். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எந்த நம்பர், எந்தக் கிழமை, யார் பேசுவார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நேரில் பார்க்காமல் என்ன வைத்தியம்?" என்று பெரியவர்கள் கேட்பீர்கள். பதிவு பெற்ற மருத்துவர் வீடியோவிலும் போனிலும் ஆலோசனை சொல்ல 2020 மார்ச்சிலேயே மத்திய அரசு வழிமுறை வெளியிட்டுவிட்டது. இ-சஞ்சீவனி சேவையில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம், சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து தூரத்து டாக்டரிடமும் காட்டலாம்.

ஆனால் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. நம் மாநிறத் தோலில் புண்ணின் முதல் சிவப்பு கேமராவில் சரியாகத் தெரியாது. சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க ஒரு கை வேண்டும். அந்தக் கை நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். வருபவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல, தண்டுவட சிகிச்சை தெரிந்த டாக்டர் போனில் பார்க்கட்டும். இரண்டையும் இணைப்பதுதான் பாக்கி. கை இல்லாத போன் பாதி வைத்தியம்தான்.

ஐ.டி.யில் இருக்கும் தம்பிகள் "ஆப் செய்துவிடலாம் சார்" என்பீர்கள். செய்யுங்கள். கழுத்தில் அடிபட்டவருக்கு விரல் வேலை செய்யாது, குரலால் இயங்க வேண்டும். தமிழில் பேச வேண்டும். செய்வதற்கு முன் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ்தான் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். 1975இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன்தான் 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இந்தத் துறையில் நமக்கு வழிகாட்டியவர்களே அடிபட்டவர்கள்தான்.

ஆப் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். போனில் இருக்கும் அலாரமே போதும். சக்கர நாற்காலியில் இருப்பவர் அரை மணிக்கு ஒரு தடவையாவது உடம்பைத் தூக்கி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். டியூப் வைத்துச் சிறுநீர் எடுப்பவருக்கு டாக்டர் சொன்ன நேரம் தவறக் கூடாது. எல்லாவற்றுக்கும் அலாரம் வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று கடுமையான தலைவலி, முகம் சிவந்து வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். வீடியோ காலுக்குக் காத்திருக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு, புண் போட்டோ பார்க்க வேண்டியவருக்கு மட்டும் போக வேண்டும். குடும்ப குரூப்பில் போடாதீர்கள். அவருக்கும் மானம் உண்டு.

உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் நலம் விசாரித்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவர் கையில் சொந்தமாக ஒரு போன் இருக்கிறதா, வாரா வாரம் அவரைப் பார்க்க ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள். நம் பழைய மாணவர்களில் நர்ஸும் பிசியோவும் நிறையப் பேர் இருக்கிறார்கள், சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்