துரத்துவதற்கும் ஓர் எல்லை வேண்டும்

பாயான் பாருவின் சாலைகளைப் பற்றி இந்த மலரின் வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1972-ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் உருவான பிறகு, அதன் நிழலில் வளர்ந்த நகரம் இது. தொழிற்சாலைகளில் வேலை நேரம் மாறும் பொழுதுகளில் ஜாலான் துன் டாக்டர் அவாங்கிலும் ஜாலான் மாயாங் பாசிரிலும் மோட்டார் சைக்கிள்கள் வெள்ளமெனப் பாயும். தொழிற்சாலைப் பேருந்துகள், லோரிகள், சுங்கை நிபோங் பேருந்து நிலையத்தை நோக்கி விரையும் விரைவுப் பேருந்துகள், மிண்டனில் வகுப்பு முடித்து வாடகை வீடு திரும்பும் மாணவர்கள் என்று எல்லாரும் ஒரே சாலையில்தான்.

இந்த நெரிசலுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் தப்பியோடுகிறது, அதைப் பின்தொடர்ந்து போலீஸ் கார் ஒன்று சைரன் ஒலியுடன் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கார் எவ்வளவு வேகத்தில் போகலாம்? சிவப்பு விளக்கைக் கடக்கும்போது அது நின்று பார்க்க வேண்டுமா? தப்பியோடுபவன் தலைக்கவசம் அணியாதவன் என்பதற்காகத் துரத்துவதும், பாராங்கத்தியுடன் கொள்ளையடித்தவன் என்பதற்காகத் துரத்துவதும் ஒன்றா? ‘போதும், விட்டுவிடு’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு? சாலையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் இக்கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. இன்று அந்த விடை நம் கையில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41, 42-ஆம் பிரிவுகள் அபாயகரமாக வாகனம் ஓட்டுவதைப் பற்றியவை. ‘எவரேனும் ஒருவர்’ என்றுதான் அவை தொடங்குகின்றன. அந்தச் சொற்களில் சாதாரண ஓட்டுநர், சீருடை அணிந்த ஓட்டுநர் என்ற பாகுபாடு இல்லை. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வாகனம் ஆகியவற்றுக்கு அவசரப் பணியின்போது சாலையில் முன்னுரிமை உண்டு. அது தேவையான சலுகை. பாயான் பாருவில் மாரடைப்பு வந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு ஜோர்ஜ்டவுன் பொது மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்சை யார் தடுப்பார்கள்? ஆனால் முன்னுரிமை என்பது வழி கேட்கும் உரிமை. வழியில் இருப்பவரை மோதித் தள்ளும் உரிமை அதில் அடங்காது.

கைது செய்வதைப் பற்றியும் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கைதை எதிர்ப்பவரை அடக்கத் தேவையான வழிகளைக் கையாள அனுமதிக்கிறது. அதே பிரிவு, மரண தண்டனை போன்ற மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையைத் தரவில்லை. உரிமம் இல்லாமல் ஓட்டியவனும் சாலைத் தடுப்பைக் கண்டு திரும்பி ஓடியவனும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

ஆனால் நள்ளிரவில் ரோந்துக் காரில் இருக்கும் ஒரு போலீஸ்காரர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. அவருக்கு வழிகாட்டுபவை தேசியப் போலீஸ் படைத் தலைவரின் நிலையாணைகள். 1967-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 97-ஆம் பிரிவின் கீழ் அவை பிறப்பிக்கப்படுகின்றன. அவை துறையின் உள் ஆவணங்கள். பொதுமக்கள் எடுத்துப் படிக்கும்படி அவை வெளியிடப்படுவதில்லை. நம்மைப் பாதுகாக்க எழுதப்பட்ட விதியை நாமே அறிய முடியாது என்பது விந்தையான நிலைமை அல்லவா?

இந்த மறைவு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு ஷா ஆலமில் நடந்த ஒரு துயரம் சான்று. 2010 ஏப்ரல் 26-ஆம் நாள் அதிகாலை. 14 வயது மாணவன் அமினுல்ராஷிட் அம்சா, தன் அக்காளின் காரை எடுத்துக்கொண்டு நண்பனுடன் வெளியே சென்றிருந்தான். வழியில் ஒரு வாகனத்தை உரசிவிட்டுப் பயந்து ஓட்டினான். சிலர் துரத்தினார்கள், பிறகு போலீசாரும் துரத்தினார்கள். வீட்டுக்கு வெகு அருகில் போலீசாரின் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து அவன் இறந்தான். அவன் செய்தது தவறுதான். உரிமம் பெறும் வயதே அவனுக்கு ஆகவில்லை. ஆனால் அந்தத் தவறுக்குச் சட்டத்தில் தண்டனை அபராதமும் சிறையும்தான், சாவு அல்ல.

அடுத்து நீதிமன்றங்களில் நடந்ததைக் கவனியுங்கள். 2011-இல் செஷன்ஸ் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட போலீஸ் கார்ப்பரலுக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2012-இல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதிப்படுத்தியது. பின்னர் குடும்பத்தினர் தொடுத்த சிவில் வழக்கில் 2016-இல் அவர்களுக்கு இழப்பீடு வழங்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் இரவில் நடந்தது சரியா தவறா என்று முடிவுகாண ஆறு ஆண்டுகள். அதற்குள் ஒரு தாய் மகனை இழந்தார். ஒரு போலீஸ்காரர் தம் வாழ்க்கையின் சில ஆண்டுகளைக் குற்றவாளிக் கூண்டில் கழித்தார். ஓடும் வாகனத்தை நோக்கிச் சுடலாமா, எந்தக் கட்டத்தில் துரத்தலை நிறுத்த வேண்டும் என்று எல்லாரும் அறிந்த ஒரு விதி முன்பே இருந்திருந்தால், அந்தப் போலீஸ்காரருக்கும் அது கவசமாக இருந்திருக்கும். ஆகவே இது போலீசாருக்கு எதிரான வாதம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

துரத்தல் ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதற்குச் சிறு கணக்கு போதும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. முன்னால் ஒருவர் குறுக்கிட்டதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகும் என்றால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே 37 மீட்டருக்கு மேல் போய்விடும். சந்தைக்குப் போகும் பாட்டியும் பள்ளி முடிந்து சாலையைக் கடக்கும் பிள்ளையும் அந்த 37 மீட்டருக்குள் இருக்கலாம். அவர்கள் குற்றவாளியும் அல்லர், போலீசும் அல்லர். மேலும், துரத்தப்படுபவன் பின்னால் சைரன் கேட்கக் கேட்க இன்னும் வேகமாகவே ஓடுவான். 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் இறப்போரில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். பாலத்தைக் கடந்து பிறையிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் வேலைக்கு வரும் நம் பெற்றோரும் அண்ணன்மாரும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

மறுதரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். போலீஸ் துரத்தாது என்று தெரிந்துவிட்டால் எல்லாரும் ஓடத் தொடங்கிவிடுவார்களே என்று கேட்பார்கள். இது வெறும் கற்பனை அச்சமல்ல. நியூசிலாந்துப் போலீஸ் 2020 டிசம்பரில் துரத்தலை மிகவும் கட்டுப்படுத்தியது. அதன்பின் நிற்காமல் ஓடும் வாகனங்கள் பெருகின. 2023-இல் அந்த விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. பாயான் பாருவிலும் இரவு வேலை முடிந்து வரும் பெண்ணின் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவனைப் பிடிக்கத்தான் வேண்டும். துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் பந்தயம் விடும் கும்பலை அடக்கத்தான் வேண்டும். துரத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்காகத் துரத்துகிறோம், அதற்கு எவ்வளவு ஆபத்தை விலையாகக் கொடுக்கலாம் என்ற அளவுகோல் வேண்டும் என்கிறேன்.

அந்த அளவுகோலை வகுத்த நாடுகள் உண்டு. பிரிட்டனில் துரத்தல் பற்றிய வழிகாட்டி நெறிகள் யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளன. பயிற்சி பெற்ற ஓட்டுநரே துரத்தலில் ஈடுபடலாம். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அதை அனுமதிக்கவும் நிறுத்தவும் முடியும். சாலையில் ரத்தம் சூடேறி நிற்பவரிடம் மட்டும் முடிவை விடாமல், அறையில் நிதானமாக இருப்பவரிடமும் அதைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு இது. போலீஸ் ஓட்டுநருக்கும் அங்கே பாதுகாப்பு உண்டு. 2022-இல் இயற்றிய சட்டத்தின்படி, அவர் ஓட்டியதை அதே பயிற்சி பெற்ற திறமையான இன்னொரு போலீஸ் ஓட்டுநருடன் ஒப்பிட்டுத்தான் எடைபோட வேண்டும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2011 முதல் கடுமையான காரணங்களுக்கு மட்டுமே துரத்தலை அனுமதிக்கிறது. மற்ற வேளைகளில் வாகன எண்ணைக் குறித்துக்கொண்டு, ஓட்டியவர் யார் என்று உரிமையாளரிடம் கேட்கிறார்கள்.

இந்தக் கடைசி வழி நமக்குப் புதியதல்ல. நம் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, வாகனத்தை ஓட்டியவர் யார் என்ற தகவலைத் தரும் கடமையை உரிமையாளர்மீது சுமத்துகிறது. எண்பலகை தெரிந்துவிட்டால், சிறு குற்றத்துக்காக ஓடியவனை மறுநாள் காலை அவன் வீட்டு வாசலிலேயே பிடிக்கலாம். எண்பலகை போலியாக இருக்கலாம், வண்டி திருட்டு வண்டியாக இருக்கலாம் என்பது உண்மை. அப்போது அதை வேறு வகையாகக் கையாள்வதற்குத்தான் சாலைத் தடுப்பும் வானொலித் தொடர்பும் கேமராக்களும் இருக்கின்றன. தீவை நிலப்பகுதியோடு இணைப்பவை இரண்டு பாலங்களும் படகுச் சேவையுமே. பினாங்குத் தீவில் ஓடுபவன் எவ்வளவு தூரம்தான் ஓடிவிட முடியும்?

நம் சமுதாயத்துக்கு இதில் தனி அக்கறை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2013 ஆகஸ்ட் 19-ஆம் நாள், பாயான் பாருவுக்கு அடுத்துள்ள சுங்கை நிபோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குண்டர் கும்பலைச் சேர்ந்தவர்கள் எனச் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அது சாலைத் துரத்தல் அல்ல, முற்றுகை நடவடிக்கை. ஆயினும் போலீஸ் எப்போது எவ்வளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்ற அதே கேள்விதான் அங்கும் எழுந்தது. இத்தகைய செய்திகளில் தமிழ்ப் பெயர்களைப் படித்துப் படித்து நாம் இரண்டு வகையாகப் பழகிவிட்டோம். ஒரு சாரார் ‘போலீஸ் நம்மை மட்டும்தான் குறிவைக்கிறது’ என்று முடிவு கட்டுகிறார்கள். இன்னொரு சாரார் ‘அவன் ரௌடிதானே, ஒழிந்தான்’ என்று பக்கத்தைத் திருப்புகிறார்கள். இரண்டுமே விசாரணையின் வேலையைச் செய்யாது. விதியும் அறிக்கையும் வெளிப்படையாக இருந்தால்தான் எது நியாயம், எது அத்துமீறல் என்று பிரித்தறிய முடியும்.

துன் முகமட் சைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைத் தந்தது. சுயேச்சையான புகார் ஆணையம் வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. பதினெட்டு ஆண்டுகள் இழுபறிக்குப் பின், 2023 ஜூலை முதல் நாள் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் செயல்படத் தொடங்கியது. ஆனால் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, பரிந்துரைக்கத்தான் முடியும். நிலையாணைகளுக்கு உட்பட்ட செயல்களை அதன் விசாரணை வரம்பிலிருந்து சட்டம் விலக்கியும் வைத்துள்ளது. அதாவது, எந்த ஆவணத்தை நாம் படிக்க முடியாதோ, அதைச் சார்ந்த செயலைத்தான் ஆணையமும் தொட முடியாது. பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவியையும் வைத்துப் பூட்டிய கதைதான்.

எனவே நான் கேட்பவை நான்கு. ஒன்று, அவசர ஓட்டம், துரத்தல் ஆகியவை பற்றிய விதிகளின் பொதுப் பகுதியைப் புக்கிட் அமான் தேசிய மொழியிலும் தமிழிலும் சீனத்திலும் வெளியிட வேண்டும். போலீசின் உத்திகளை வெளியிட வேண்டியதில்லை. எல்லைகளை வெளியிட்டால் போதும். இரண்டு, போக்குவரத்துக் குற்றம் ஒன்றுக்காக மட்டும் நெரிசல் பகுதியில் அதிவேகத் துரத்தல் கூடாது. துரத்தலை நிறுத்தும் பொறுப்பு கட்டுப்பாட்டு அறைக்கும் இருக்க வேண்டும். மூன்று, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலன்றி ஓடும் வாகனத்தை நோக்கிச் சுடக்கூடாது. நான்கு, துரத்தலில் எவரேனும் இறந்தால் அல்லது படுகாயமடைந்தால் வெளியார் ஒருவர் அதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட வேண்டும்.

நம் பங்கும் இதில் உண்டு, தோழர்களே. சாலைத் தடுப்பில் நிற்கச் சொன்னால் நில்லுங்கள். சாலைவரி காலாவதியாகியிருந்தால் சம்மன் வரும், கட்டிவிடலாம். பயந்து திரும்பி ஓடினால் போகக்கூடியதைப் பிறகு எந்தப் பணமும் மீட்காது. உங்கள் தம்பியிடம் உரிமம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்காதீர்கள். சைரன் கேட்டால் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். ஆம்புலன்சின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நெரிசலைத் தாண்டும் சாமர்த்தியம் நமக்கு வேண்டாம்.

சட்டம் படிக்கும் மாணவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பட்டம் பெற்று வழக்கறிஞர்களாகவும் அரசாங்க அதிகாரிகளாகவும், ஏன், போலீஸ் அதிகாரிகளாகவும் பணிபுரியும் முன்னாள் மாணவர்களும் இந்த மலரைப் படிக்கிறார்கள். நிலையாணைகளின் எல்லைகளை வெளியிடக் கோரி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம், சுஹாகாமுக்கு ஒரு மனு, கழகத்தின் மேடையில் ஒரு கருத்தரங்கு என்று தொடங்கலாம். ஷா ஆலமில் இறந்த அந்தச் சிறுவன் இன்று உயிரோடிருந்தால் நம் முன்னாள் மாணவர்கள் பலரின் வயதுதான் அவனுக்கும் இருக்கும். அடுத்த முறை ஒரு போலீஸ் கார் பாயான் பாருவின் தெருவில் வேகமெடுக்கும்போது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது அதை ஓட்டுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெருவில் நிற்கும் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.