அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து

'ஹெட்சர்' என்னும் இலகுரக டாங்கி அழிப்பு வாகனத்தை ஜெர்மானியப் பொறியியல் மேதைமையின் உச்சமாகப் போற்றும் பதிவுகள் தமிழிலும் பெருகிவிட்டன. போற்றுவோர் அதன் முறையான பெயரை ஒருமுறையேனும் நிதானமாக வாசித்ததுண்டா? யாக்ட்பான்ட்சர் 38(டி). அந்த 'டி' டன்னைக் குறிப்பதன்று. 'செக் நாட்டுக்குரிய' எனப் பொருள்படும் 'ட்செகிஷ்' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. 38 என்பது 1938.

அந்த ஆண்டில்தான் செக்கோஸ்லோவாக்கிய இராணுவம் தன் நாட்டு சேகேடே ஆலையிடம் 150 டாங்கிகள் கேட்டது. வடிவமைத்தவர் ரஷ்யாவிலிருந்து புலம்பெயர்ந்த அலெக்சேய் சூரின். ஒன்றுகூட அந்த இராணுவத்தின் கைக்கு வரவில்லை. 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராகுக்குள் நுழைந்தது. டாங்கிகளும் ஆலையும் அதன் தொழிலாளர்களும் ஒருசேரப் பறிபோயினர். ஆலைக்கு ஜெர்மன் பெயர் சூட்டப்பட்டது. பறித்த பொருள் எந்த நாட்டுடையது என்பதை அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்தாகப் பதிந்துகொள்வது அப்படையின் கிடங்கு வழக்கம். திருடியவனே எழுதிவைத்த ஒப்புதலை நம்மவர்கள் வாசிக்க மறுக்கிறார்கள் என்பதே என் புகார்.

மேதைமை என்ற சொல்லையும் சற்றே சோதிப்போம். 1943 நவம்பரில் பெர்லினின் அல்கெட் ஆலை குண்டுவீச்சில் சிதைந்தது. அங்கு உருவான தாக்குதல் பீரங்கி வாகனத்தைப் பிராகில் கட்டலாம் என்றால், ஏறக்குறைய 24 டன் எடையைத் தூக்க அந்த ஆலையின் பாரந்தூக்கிகளால் இயலவில்லை. ஆகவே அவை தாங்கக்கூடிய அளவில் 16 டன்னுக்குள் ஒரு வாகனம் வரையப்பட்டது. 1944 ஏப்ரலில் உற்பத்தியும் தொடங்கிவிட்டது. இந்த விரைவு வியப்புக்குரியதே. அந்த வியப்பு செக் பொறியாளர்களையும், ஆக்கிரமிப்பின் கீழ் உழைத்த தொழிலாளர்களையும் அல்லவா சேரவேண்டும்?

அவசரத்தின் விலையைச் செலுத்தியவர்கள் உள்ளே அமர்ந்த நால்வர். வலப்புறமிருந்து இயக்குவதற்கென அமைந்த பீரங்கியை வாகனத்தின் வலப்பக்கத்தில் பொருத்திவிட்டு, குண்டு நிரப்புபவரை இடப்பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவர் பீரங்கியின் பின்புறக் காப்புக்கு மேலாக எட்டி வேலை செய்யவேண்டும். ஓட்டுநருக்குத் தனி வாயில் கிடையாது. தளபதி பின்பக்க மூலையில் தனியே. வலப்புறம் கிட்டத்தட்டக் குருடு. பக்கவாட்டுக் கவசம் வெறும் 20 மில்லிமீட்டர்.

செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்த 60 மில்லிமீட்டர் முன்கவசமும் தாழ்ந்த உருவமும் பதுங்கியிருந்து சுடுவதற்கு மிக உகந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. பீரங்கி ஜெர்மன், தேவையை வகுத்ததும் ஜெர்மன் இராணுவமே. ஆனால் தேவையைச் சொன்னவனுக்கே ஆக்கியவனின் பெயரையும் கொடுப்பது எந்த மொழி மரபு?

மொழியியல் படித்தவளுக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. 'ஹெட்சர்' என்பதை வேட்டைக்காரன் என்று மட்டும் பெருமிதத்தோடு பெயர்க்கிறார்கள். அன்றாட ஜெர்மனில் அச்சொல் வெறுப்பைத் தூண்டிவிடுபவனையே குறிக்கும்.

ஜெர்மனி வீழ்ந்த பின்னரும் செக்கோஸ்லோவாக்கியா இதே வாகனத்தைக் கட்டியது. ஸ்விட்சர்லாந்து 158 வாகனங்களை வாங்கி, ஜி-13 என்ற பெயரில் 1970கள் வரை வைத்திருந்தது. ஜெர்மானிய மூளை இல்லாமலே அவை எப்படி உருவாயின என்பதை ஹெட்சர் அன்பர்கள் கருத்துப் பகுதியில் விளக்கட்டும்.